டிஷ்ஷில் கை வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் எனும் இலவச டிஷ் பற்றி எழுதச் சொன்னதுதான் தாமதம், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: "சிக்னல் இல்லை." அதில் முக்கால்வாசிப் பேர் கடிதம் எழுதும் முன்பே மாடியேறி டிஷ்ஷைத் திருப்பிவிட்டார்கள். அதுதான் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. திருப்பாதிரிப்புலியூரில் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். இந்த இதழில் கடலூர், புதுச்சேரிக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: காற்றில் டிஷ் திரும்பிவிட்டது. ஒரு மெக்கானிக் கிழக்கு என்கிறார், இன்னொருவர் தெற்கு என்கிறார். பக்கத்து வீட்டு டிஷ்ஷோ இரண்டும் இல்லாமல் நிற்கிறது. நானே சரிசெய்ய முடியுமா? (மஞ்சக்குப்பம் வாசகர்)

முடியும். இரண்டு மெக்கானிக்கும் பாதிப் பாதி சரி. டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. நாம் இருப்பது 79.8 டிகிரியில். ஆகவே அது நமக்குத் தென்கிழக்கில் இருக்கிறது. திசைகாட்டியில் வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 130 டிகிரி. கைபேசித் திசைகாட்டியே போதும். ஆனால் இரும்புக் கம்பத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், பொய் சொல்லும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

அடுத்தது உயரம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடிவானத்திலிருந்து 69 டிகிரி, அதாவது உச்சிக்குப் பக்கத்தில். ஆனால் சரியாகப் பொருத்திய டிஷ்ஷைப் பார்த்தால் அவ்வளவு மேலே பார்ப்பதாகத் தெரியாது. நம் வீடுகளில் இருக்கும் 60 சென்டிமீட்டர் டிஷ், மேலிருந்து வரும் அலையைச் சாய்வாக வாங்கிக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற சின்ன அலைவாங்கிக்குத் திருப்பிவிடும்படி வார்க்கப்பட்டது. மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், சுமார் 25 டிகிரி இந்தச் சாய்விலேயே போய்விடுகிறது. அதனால் தட்டின் முகம் ஏறத்தாழ 45 டிகிரியில் நிற்பதுபோல் இருக்கும். "தலைக்கு மேலே இருப்பதாகச் சொல்கிறார்கள், டிஷ் எதிர்வீட்டைப் பார்க்கிறதே" என்று நீங்களாகவே மேலே தள்ளிவிடாதீர்கள். பின்பக்கத் தாங்கியில் பொறித்திருக்கும் எண்கள் பெரும்பாலும் இந்தச் சாய்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டவை. அங்கே 69ஐ வைத்து லேசாக முடுக்குங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கம்பம். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, கம்பத்தில் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் தாங்கியில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. பக்கவாட்டில் திருப்பத் திருப்ப உயரமும் சேர்ந்து மாறும், ராத்திரி வரை மாடியிலேயே இருப்பீர்கள்.

பிறகு டி.வி.யில் சிக்னல் திரையைத் திறந்து ஒருவரைக் கீழே உட்கார வையுங்கள். டிஷ்ஷைத் தெற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்ல நகர்த்துங்கள். ஒரு டிகிரி என்பது தட்டின் விளிம்பில் வெறும் அரை சென்டிமீட்டர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு மூன்று விநாடி பொறுங்கள். டி.வி.யோடு இணைத்திருக்கும் செட்-டாப் பெட்டி கணக்குப் போட்டுத் திரையில் காட்ட அவ்வளவு நேரமாகும். வேகமாகத் திருப்புகிறவர் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, "எங்குமே வரவில்லை" என்பார்.

படம் வந்துவிட்டாலும் ஒரு வேலை பாக்கி. எல்.என்.பி.யை அதன் பிடியிலேயே திருக வேண்டும். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால், அதன் அலைகள் நம் ஊரில் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து வந்து விழுகின்றன. சேனல்கள் செங்குத்து அலை, கிடைமட்ட அலை என இரண்டு வகையில் வருகின்றன. எல்.என்.பி.யை நேராக நிறுத்தினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும், சில சேனல் வரும், சில வராது. இருபுறமும் சிறிது சிறிதாகத் திருகி, சிக்னல் திரையில் குவாலிட்டி என்ற எண் அதிகமாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். போல்ட்டுகளைச் சுற்றி வந்து மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரே பக்கம் முடுக்கினால் தட்டு இழுத்துக்கொண்டுவிடும்.

பக்கத்து வீட்டு டிஷ் சந்தா கட்டிப் பார்க்கும் வேறொரு சேவையுடையதாக இருக்கும். 83 டிகிரியில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு வைத்த டிஷ் நம் ஊரில் ஏறக்குறைய தெற்கே பார்க்கும். அதைப் பார்த்து உங்களுடையதைத் திருப்பாதீர்கள்.

கேள்வி: ஸ்ட்ரெங்த் 80 காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம். டிஷ்ஷை யாரும் தொடவில்லை. பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான், ரிமோட்டை வைத்து ஏதோ செய்தான். (கடலூர் முதுநகர் வாசகி)

குற்றவாளியை நீங்களே காட்டிக்கொடுத்துவிட்டீர்கள் அம்மா. ஸ்ட்ரெங்த் என்பது எல்.என்.பி.க்கு மின்சாரம் போய், அதிலிருந்து ஏதோ ஓர் இரைச்சல் இறங்கி வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. வருவது நமக்கு வேண்டிய சிக்னல்தானா என்று சொல்வது குவாலிட்டி. ஆகவே கேபிள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. மெனுவில் எல்.என்.பி. வகை என்ற இடத்துக்குப் போய் 9750 / 10600 என்று இருக்கிறதா பாருங்கள். 5150 என்று இருந்தால் அது பெரிய டிஷ்ஷுக்கான சி-பேண்ட் கணக்கு. மாற்றிவிட்டு மறுபடி தேடச் சொல்லுங்கள். பேரனைத் திட்ட வேண்டாம். அடுத்த முறை அவனையே சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. வருடம் தவறாமல் எல்.என்.பி. மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். இது நியாயமா? (தேவனாம்பட்டினம் வாசகர்)

எல்.என்.பி. அவ்வளவு சீக்கிரம் சாகிற பொருள் இல்லை. பழைய எல்.என்.பி.யைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டீர்களா? அடுத்த முறை வாங்குங்கள், அதில் பாதி உயிரோடுதான் இருக்கும். மாற்றும்போது கனெக்டரையும் புதிதாக வெட்டிப் போட்டிருப்பார். குணமானது அதனால்தான்.

பெட்டியின் மின் இணைப்பை அணைத்துவிட்டு, எல்.என்.பி.யிலிருந்து கேபிளைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பளிச்சென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். உங்கள் பகுதியில் கழற்றினால் நான் வழக்கமாகப் பார்ப்பது வேறு. கம்பியின் நுனியில் பாசிப்பச்சைத் தூள், கனெக்டரின் உள்வளையத்தில் வெள்ளை உப்பு, கறுப்பு உறையைக் கீறினால் உள்ளே பின்னல் கருத்து ஈரமாக இருக்கும். சில கேபிளில் நுனி செந்நிறமாக உதிரும். அது செம்பே இல்லை, செம்பு முலாம் பூசிய இரும்பு. மலிவு கேபிள் எல்லாம் அப்படித்தான். முலாம் போன இடத்தில் உப்புக்காற்று பட்டால் கதை முடிந்தது.

கடற்கரை வீட்டுக்கு நடுக்கம்பி முழுச் செம்பாக உள்ள ஆர்.ஜி.-6 கேபிளைக் கேட்டு வாங்குங்கள். அழுத்திப் பொருத்தும் கனெக்டர் போடச் சொல்லுங்கள், கையால் திருகிச் செருகும் வகை வேண்டாம். மேலே தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு சித்திரை வெயிலுக்குத் தாங்காது. கேபிளை எல்.என்.பி.க்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டுப் பிறகு கம்பத்தோடு கட்டினால், மழைநீர் வளையத்தின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் ஓடி வராது. நட்டு போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுங்கள். 

கேள்வி: தென்கிழக்கு மூலையில், என் டிஷ்ஷுக்கு ஆறடி தூரத்தில் பக்கத்து வீட்டார் இன்னொரு மாடி எழுப்புகிறார்கள். சண்டைக்குப் போகலாமா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

வேறு காரணம் இருந்தால் போங்கள், இதற்காக வேண்டாம். கோள் 69 டிகிரி உயரத்தில் இருப்பது நமக்குக் கொடுப்பினை. ஓர் அடி தூரத்துக்குச் சுமார் 2.6 அடி உயரம் வரை தடையில்லை. ஆறடி தள்ளி எழும் சுவர், உங்கள் டிஷ்ஷைவிடப் பதினைந்து அடிக்கு மேல் உயர்ந்தால்தான் மறைக்கும். ஒரு மாடி பத்தடிதானே. தென்னை மரத்துக்கும் இதே கணக்கு. ஆனால் டிஷ்ஷுக்கு மேலேயே கிளை விரிக்கும் முருங்கையை வெட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: சில நாட்களாகக் காலை 11 மணி வாக்கில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. சிறிது நேரத்தில் தானாக வந்துவிடுகிறது. மழையும் இல்லை, மேகமும் இல்லை. (அரியாங்குப்பம் வாசகர்)

கடிதத்தில் இருக்கும் தேதி மார்ச் மாத நடுப்பகுதி. காரணம் சூரியன். வருடத்தில் இரண்டு முறை, நம் ஊருக்கு மார்ச் மத்தியிலும் செப்டம்பர் கடைசியிலும், சூரியன் சரியாக இந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதுவும் ரேடியோ அலைகளை வீசுகிற பொருள்தான். அந்த இரைச்சலில் கோளின் மெல்லிய சிக்னல் அமுங்கிவிடுகிறது. சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடங்கள். எதையும் தொடாதீர்கள், தானாகப் போய்விடும்.

இதில் ஓர் ஆதாயமும் உண்டு. அந்த நாட்களில் அந்த நேரத்தில் உங்கள் டிஷ்ஷின்மேல் எதன் நிழலும் விழவில்லையென்றால், கோளுக்கும் உங்களுக்கும் நடுவில் தடை எதுவும் இல்லை. நெல்லிக்குப்பத்துக்காரரும் மாடி கட்டி முடிந்ததும் இதையே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: பிரான்சிலிருந்து என் சித்தப்பா ஒரு டிஷ் பெட்டியும் எல்.என்.பி.யும் கொண்டுவந்தார். இங்கே அவற்றில் பிரெஞ்சு சேனல்களைப் பார்க்க முடியுமா? (முத்தியால்பேட்டை வாசகி)

எல்.என்.பி. வேலை செய்யும், அங்கும் 9750 / 10600தான். பெட்டியும் இலவச சேனல்களைத் தேடும் வகையாக இருந்தால் நம் கோளுக்கு அலைவரிசைகளைக் கையால் கொடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் சித்தப்பா அங்கே பார்த்த சேனல்கள் வராது. பிரான்சில் பலர் பார்க்கும் கோள் ஒன்று 5 டிகிரி மேற்கில் இருக்கிறது. புதுச்சேரியிலிருந்து பார்த்தால் அது அடிவானத்துக்குக் கீழே. 19.2 டிகிரி கிழக்கில் இருக்கும் இன்னொன்று, நமக்கு மேற்கு வானில் 20 டிகிரி உயரத்தில் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் கதிர் ஐரோப்பாவைக் குறிவைத்தது. வெள்ளைக்காரத் தெருவில் மாடியேறி நின்றாலும் இங்கே விழாது. ஒரு சின்ன ஆறுதல்: நாம் பார்க்கும் ஜிசாட்-15 விண்ணுக்குப் போனதே 2015 நவம்பரில், பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்துதான்.

கேள்வி: மழை வந்தால் படம் போய்விடுகிறது. டிஷ்ஷுக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாமா? (பாகூர் வாசகர்)

கூடவே கூடாது. தார்ப்பாய்மேல் படியும் தண்ணீரே சிக்னலைக் குடித்துவிடும். இந்தச் சேவை வருவது 11 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலைகளை மழைத்துளிகள் விழுங்குகின்றன. வெயில் நாளில் குவாலிட்டியை உச்சத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தால் தூறலையும் நடுத்தர மழையையும் சமாளிக்கலாம். 75 அல்லது 90 சென்டிமீட்டர் டிஷ் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு மருந்தில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மாதிரி மழைக்கு எந்த டிஷ்ஷையும் நம்பாதீர்கள். பேட்டரி ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும். இடி இடிக்கும்போது கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பொதிகை சேனலைக் காணவில்லையே? (பண்ருட்டி வாசகர்)

காணாமல் போகவில்லை. 2024 ஜனவரியிலிருந்து அதன் பெயர் டிடி தமிழ். பட்டியலில் அந்தப் பெயரில் தேடுங்கள்.

கேள்வி: எதிர்வீட்டில் அதே டிஷ், ஆனால் எங்களைவிட அதிகச் சேனல். ஏன்? (தவளக்குப்பம் வாசகி)

உங்கள் பெட்டி பழசு. ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2, எம்பெக்-4 என, படத்தைச் சுருக்கி அனுப்பும் இரண்டு வகையிலும் சேனல்கள் வருகின்றன. பழைய பெட்டிக்கு இரண்டாவது புரியாது. பெட்டியை மட்டும் மாற்றுங்கள், டிஷ் அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கூடுதலாக வருவதில் பெரும்பகுதி இந்தி. தமிழுக்காக மட்டும் மாற்றுவதென்றால், எதிர்வீட்டுக்குப் போய்ப் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து வருகிறவை, இன்று இருப்பது அடுத்த வருடம் இல்லாமலும் போகலாம்.

கேள்வி: இரண்டு அறையில் இரண்டு டி.வி. ஒரே டிஷ் போதுமா? (லாஸ்பேட்டை வாசகர்)

டிஷ் ஒன்று போதும். இரண்டு வெளியீடு உள்ள எல்.என்.பி.யும் இரண்டு கேபிளும் இரண்டு பெட்டியும் வேண்டும். ஒரே கேபிளைப் பிரித்துக் கொடுக்கும் மலிவு வேலை வேண்டாம். செங்குத்து அலை வேண்டுமா, கிடைமட்ட அலை வேண்டுமா என்று பெட்டி எல்.என்.பி.க்கு வோல்ட்டை வைத்துத்தான் சொல்கிறது. ஒரு பெட்டி 13 வோல்ட்டும் இன்னொன்று 18 வோல்ட்டும் அனுப்பினால், எல்.என்.பி. யார் பேச்சைக் கேட்கும்?

கேள்வி: டிஷ் மாட்டிக்கொடுத்தவர் மாதம் 100 ரூபாய் கேட்கிறார். (குறிஞ்சிப்பாடி வாசகி)

டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா என்று ஒன்று கிடையாது. கருவிகளுக்கும் மாட்டிய கூலிக்கும் ஒருமுறை கொடுத்ததோடு சரி. இனி ஒரு பைசா கொடுக்காதீர்கள்.