கீமோ ஏற்ற ராத்திரி நல்லதா? கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். கீமோவை இரவில் ஏற்றினால் பக்கவிளைவு குறையுமாமே டாக்டர்?

பதில்: சொன்னவர் கதை விடவில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்து 5-எஃப்யூ. அதை உடைக்கும் டிபிடி என்ற நொதி, பெரும்பாலோருக்கு இரவில்தான் மும்முரமாக வேலை செய்கிறது. அதனால் அப்போது ஏற்றினால் உடம்பு தாங்கும் என்பது கணக்கு. பாரிஸ் பக்கத்தில் வில்ஜுயிஃப் ஊரில் பிரான்சிஸ் லெவி என்ற மருத்துவரின் குழுவினர், 5-எஃப்யூ விடியற்காலை 4 மணிக்கும் அதோடு தரும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து மாலை 4 மணிக்கும் உச்சத்தைத் தொடும்படி பம்பில் நேரம் வைத்து ஏற்றினார்கள். 1997இல் வந்த முடிவு இது: 186 நோயாளிகளில், ஒரே வேகத்தில் மருந்து ஏறியவர்களில் 76 சதவீதம் பேருக்குக் கடுமையான வாய்ப்புண். நேரம் பார்த்து ஏற்றியவர்களில் 14 சதவீதம்தான். கை கால் மரத்து வேலை செய்ய முடியாமல் போனதும் 31இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் எல்லா இடத்திலும் ஏன் செய்வதில்லை?

பதில்: 2006இல் 564 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு வெளியானது. ஆயுளில் மொத்தமாக வித்தியாசம் இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால், இந்த முறையில் ஆண்களுக்கு ஆயுள் கூடியிருந்தது, பெண்களுக்குக் குறைந்திருந்தது! எல்லோருக்கும் ஒரே கால அட்டவணை போட்டதுதான் கோளாறு என்பது என் எண்ணம். ஆளுக்கு ஆள் உடல் கடிகாரம் சில மணி நேரம் முன்பின்னாக ஓடும். அதைப் படுக்கைப் பக்கத்திலேயே சுலபமாக அளக்கும் வழி இன்னும் வார்டுகளில் புழக்கத்துக்கு வரவில்லை.

கேள்வி: எனக்கு இடுப்பில் பம்ப் மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாலையில் மாட்டச் சொல்லவா?

பதில்: 46 மணி நேரம் ஒரே சீராக இறங்கும் பம்ப் அது. எப்போது மாட்டினாலும் பகலும் இரவும் அதற்குள் வந்துவிடும். நீங்கள் பெண் என்றால், 2006 ஆய்வில் பெண்களுக்கு ஆயுள் குறைந்திருந்ததையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: மகனுக்கு ரத்தப் புற்றுநோய். 6-எம்பி மாத்திரை இரவில்தான் கொடுக்க வேண்டுமா?

பதில்: 1985இல் கனடாவில் அப்படித்தான் கண்டார்கள். பிறகு வந்த, டென்மார்க், ஸ்வீடன் போன்ற நார்டிக் நாடுகளின் ஆய்வில் நேரத்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வேளை கூடத் தவறாமல் போவதுதான் பெரிது. உங்களுக்கு மறக்காத வேளையை டாக்டரிடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கீமோ போட்ட அன்று தூக்கமே வருவதில்லை ஐயா.

பதில்: வாந்திக்குத் தரும் டெக்சாமெத்தசோனாக இருக்கலாம், அது ஸ்டீராய்டு. மாலை மாத்திரையை மதியச் சாப்பாட்டோடு எடுக்கலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.