திப்புவைச் சுட்டது யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஓசூரில் நாங்கள் சில நண்பர்கள் மாதம் ஒரு நாவல் படித்துக் கூடிப் பேசுகிறோம். இந்த மாதம் பெர்னார்ட் கார்ன்வெல் எழுதிய ‘ஷார்ப்ஸ் டைகர்’. 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகைதான் களம். ரிச்சர்ட் ஷார்ப் ஆங்கிலப் படையின் கடைநிலை வீரன். படையை விட்டு ஓடிவந்தவன்போல நடித்துத் திப்புவின் கோட்டைக்குள் உளவு போகிறான். கடைசியில் திப்புவைச் சுட்டுக் கொன்று நகைகளைக் கழற்றிக்கொள்கிறான்.

கூட்டத்தில் ஒரே ரகளை. ஒருவர் “வெள்ளைக்காரன் பிரச்சாரம்” என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டார். வரலாற்று ஆசிரியர் ஒருவர் “முக்கியமான சம்பவமே பொய்” என்றார். இளைஞர்கள் இருவர் “சண்டைக் காட்சி என்றால் இதுதான்” என்று கொண்டாடினார்கள். மேரி என்ற பெண் பாத்திரம் ஒட்டவே இல்லை என்றார் ஒரு தோழி. எனக்குப் புத்தகம் பிடித்திருந்தது. ஆனால் திப்பு விழும் இடத்தில் நான் யார் பக்கம் நின்று படிக்கிறேன் என்று தெரியாமல் தவித்தேன். உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகம் பிடித்ததற்குக் கூச்சப்பட வேண்டாம். எனக்கும் பிடித்தது. கார்ன்வெல்லுக்குப் போரை எழுதத் தெரியும். சுட்ட பிறகு மறுபடி மருந்து போட்டுக் கெட்டிப்பதற்குள் எதிரி எத்தனை அடி நெருங்கிவிடுவான் என்ற பதற்றம் அவர் பக்கங்களில் கையில் தட்டுப்படும். இத்தனைக்கும் முடிவு நமக்குத் தெரியும். கோட்டை விழும், திப்பு இறப்பார். ஷார்ப் சாகமாட்டான் என்பதும் தெரியும். இந்த வரிசையின் முதல் நாவல் 1981இலேயே வந்துவிட்டது. 1815இல் வாட்டர்லூவில் நிற்க வேண்டியவனை 1799இல் யார் கொல்ல முடியும்? எல்லாம் தெரிந்திருந்தும் பக்கத்தைப் புரட்ட வைக்கிறார் என்றால் அது பெரிய வித்தைதான். உங்கள் இளைஞர்கள் சொல்வது சரி.

பிரச்சாரம் என்று சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள். அந்த நாவலில் அவருக்கு யார்மேல் அதிகக் கோபம் வந்தது? எனக்கு ஷார்ப்பைச் சூழ்ச்சியில் மாட்டிவிடும் அவனுடைய மேலாள் சார்ஜென்ட் ஹேக்ஸ்வில் மேல்தான். ஷார்ப்புக்கு விதிக்கப்படும் தண்டனை இரண்டாயிரம் கசையடி. அதை நிறைவேற்றுவது அவனுடைய சொந்தப் படை. உளவுக்கு ஆள் தேவைப்படுவதால்தான் பாதியில் அவிழ்த்துவிடுகிறார்கள். அனாதையாக வளர்ந்து எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவன் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்வது திப்புவின் சிறைக்குள். இப்படி ஒரு கதையைச் சாம்ராஜ்யத் துதி என்று சொல்லி முடித்துவிட முடியாது. திப்புவும் கோமாளியாகவோ அரக்கனாகவோ வரவில்லை. கைதிகளின் கழுத்தைத் திருகிக் கொல்லும் ஜெட்டி மல்லர்களின் காட்சி உறுத்தத்தான் செய்கிறது. அந்தச் செய்தி ஆங்கிலேயரின் குறிப்புகளில் இருக்கிறது, கார்ன்வெல் கற்பித்தது கிடையாது. தோற்றவனைப் பற்றி ஜெயித்தவன் எழுதியது என்ற எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஆசிரியர் சொல்வது கோட்டைச் சுவருக்குப் பின்னால் திப்பு புதைத்துவைக்கும் வெடிமருந்துப் பொறி பற்றியதாக இருக்க வேண்டும். அது கற்பனைதான். ஆனால் அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1799 மே 2ஆம் தேதி ஆங்கிலேயரின் குண்டு பட்டுக் கோட்டைக்குள் இருந்த ராக்கெட் கிடங்கு பெரும் சத்தத்தோடு வெடித்தது. நாவலாசிரியர் அந்த வெடியை இரண்டு நாள் தள்ளிவைத்து, மே 4 மதியம் கடைசித் தாக்குதலோடு சேர்த்து, அதற்குக் காரணமாகத் தன் நாயகனையும் வைத்துவிட்டார். எனக்கு இதில் புகார் இல்லை. போரின் போக்கு மாறவில்லை, முடிவும் மாறவில்லை.

திப்புவைச் சுட்டவன் விஷயத்தில் அவர் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். நடந்ததாகச் சொல்லப்படுவது இது. தண்ணீர் வாசல் பக்கம் நெரிசல். காயம்பட்டுக் கிடந்த திப்புவின் தங்கக் கொக்கி போட்ட வாள்கச்சையை ஒரு வெள்ளைக்காரப் படைவீரன் பிடித்து இழுக்கிறான். திப்பு படுத்தபடியே வாளை வீசுகிறார், அவன் முழங்காலில் வெட்டு விழுகிறது. அவன் துப்பாக்கியைத் தூக்கி நெற்றிப்பொட்டில் சுடுகிறான். கூட இருந்த பணியாள் உயிர் தப்பிச் சொன்னது. இரவில் தீவட்டி வெளிச்சத்தில் பிணக் குவியலைப் புரட்டித்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். சுட்டவன் கடைசிவரை முன்வரவில்லை. ‘நான்தான்’ என்று சொன்னால் ‘நகை எங்கே?’ என்று அடுத்த கேள்வி வருமே! வரலாறு இப்படி ஒரு காலி நாற்காலியைப் போட்டுவைத்திருந்தால் நாவலாசிரியன் உட்காராமல் என்ன செய்வான்?

மேரியைப் பற்றி உங்கள் தோழி சொன்னதற்கு மறுபேச்சு இல்லை. ஷார்ப்பின் நாவல்களில் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

அப்புறம், நீங்கள் யார் பக்கம் என்ற கேள்வி. உங்கள் கூட்டத்தில் எல்லாரும் வெள்ளையர், திப்பு என்று இரண்டு பக்கம் பிரித்துக்கொண்டு பேசியதாகத் தெரிகிறது. ஜெனரல் ஹாரிஸின் படை 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து கிளம்பியது. ஆம்பூர் பக்கம் நிஜாமின் படை சேர்ந்துகொண்டது. மார்ச் தொடக்கத்தில் உங்கள் மாவட்டத்து ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. அந்தப் படையில் வெள்ளையர் சிறுபான்மை. பெரும்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் தக்காணி உருதுவும் பேசியவர்கள். அவர்களுக்குப் பின்னால் மாட்டுக்காரர்கள், தானியம் சுமந்துவந்த பிரிஞ்சாரிகள், சமையல்காரர்கள், குடும்பங்கள் என்று நகர்ந்துபோன ஒரு ஊர். மே 4 அன்று காவிரியைக் கடந்து சுவர் உடைப்பில் ஏறிய நாலாயிரத்துச் சொச்சம் பேரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் ஆட்கள். உள்ளே இருந்து எதிர்த்தவர்களும் நம் ஆட்கள்.

என் குறை இங்கேதான். நாவலில் சிப்பாய்கள் வருகிறார்கள், அணியாக, சீருடையாக, தூரத்தில். என் நினைவில் தங்கும்படி ஒரு முகமும் இல்லை. திப்பு பக்கத்தில் தளபதி அப்பா ராவ், குன்வர் சிங் என்று பெயருள்ள இந்தியர்கள் உண்டு. கம்பெனி பக்கத்தில்தான் இந்த வெறுமை. சாகச நாவல் ஒரு ஆளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது, ஷார்ப் பார்க்காததை அது காட்டாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஷார்ப் கண்ணுள்ளவன். பக்கத்து வரிசையில் நின்றவனைப் பார்க்காமல் இருந்திருப்பானா?

அந்தச் சிப்பாய்க்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். கோட்டையில் கிடைத்த கொள்ளைப் பங்கில் ஹாரிஸ் எடுத்துக்கொண்டது லட்சம் பவுண்டுக்கும் மேல். சாதாரண வெள்ளை வீரனுக்கு ஏழு பவுண்டு அளவில். சிப்பாய்க்கு அதிலும் குறைவு. சில ஆண்டுகள் கழித்துப் பதக்கம் வந்தது. பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், சிப்பாய்க்கு வெள்ளீயம். அதில் ஒரு சிங்கம் புலியைக் கீழே தள்ளி மேலே நிற்கும். புலி திப்பு, சிங்கம் பிரிட்டன். அதை மார்பில் குத்திக்கொண்டவன் இரண்டில் ஒன்றும் கிடையாது. எவ்வளவு உயர்ந்தாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. ஷார்ப்பாவது பின்னால் அதிகாரியாகிறான்.

கதை அதோடு நிற்கவுமில்லை. திப்புவின் பிள்ளைகளை வேலூர்க் கோட்டையில் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் அதே சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள் அங்கே வெள்ளை அதிகாரிகளைச் சுட்டு, திப்புவின் கொடியை ஏற்றினார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுவரேறிய படைதான் ஏழு ஆண்டில் இதைச் செய்தது. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே ஒரு சுபேதாரின் மனம் எப்படித் திரும்பியது என்று எழுதினால், கார்ன்வெல் எழுதியதைவிடப் பெரிய நாவல். அவர் எழுதவில்லை என்று அவரைக் கோபிப்பதில் நியாயமில்லை. அவர் தன் ஊர்க்காரனைப் பற்றி எழுதினார். எழுத வேண்டியவர்கள் வேலூரிலும் ஆம்பூரிலும் ஓசூரிலும் இருக்கிறார்கள்.

ஆகவே திப்பு விழும் இடத்தில் நீங்கள் தவித்தது சரியான வாசிப்புதான். அங்கே நிம்மதியாகப் படிப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம்.

வரிசையில் அடுத்தது ‘ஷார்ப்ஸ் ட்ரையம்ஃப்’. களம் 1803 செப்டம்பரில் நடந்த அசாயே போர், மராட்டியர்களோடு. அங்கும் ஆங்கிலத் தளபதி வெல்லெஸ்லியின் காலாட்படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள்தான். அடுத்த மாதம் அதைப் படிக்கப் போவதாக இருந்தால், பெயரோடு, பேசும் வாயோடு எத்தனை சிப்பாய்கள் வருகிறார்கள் என்று யாராவது ஒருவர் குறித்துக்கொண்டே வரட்டும். அந்த வேலையை வரலாற்று ஆசிரியரிடமே கொடுங்கள். கணக்கு என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.