பழைய ஏ.சி.யை மாற்றுவது: சில கேள்விகளும் பதில்களும்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்: 2012இல் வாங்கிய 1.5 டன் ஜன்னல் ஏ.சி. இன்னும் நன்றாகவே குளிரூட்டுகிறது. ஐந்து ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி.க்கு மாறினால் மின் கட்டணம் பாதியாகும் என்கிறார்கள். நம்பலாமா?

பாதியாகக் குறைவது ஏ.சி.யின் பங்கு மட்டும்தான். வீட்டின் மொத்தக் கட்டணம் அல்ல. உங்களிடம் இருப்பது போன்ற பழைய ஏ.சி., கம்ப்ரசர் ஓடும்போது ஏறத்தாழ 1,700 வாட் இழுக்கும். கம்ப்ரசர் இரவு முழுவதும் ஓடாது, நின்று நின்றே ஓடும் என்பதால், மணிக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். அதே அறையில், கம்ப்ரசரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் ஒரு நல்ல இன்வெர்ட்டர் ஏ.சி. அரை யூனிட்டில் வேலையை முடித்துவிடும். இரவுக்கு எட்டு மணி நேரம் என்றால் நான்கு யூனிட், இரண்டு மாத கணக்கெடுப்பில் 240 யூனிட் மிச்சம்.

இந்த 240 யூனிட்டைச் சராசரி விலையில் பெருக்குவது தவறு. கோடையில் உங்கள் வீட்டில் 700 யூனிட் ஓடுகிறது என்றால், மிச்சமாவது பட்டியலின் உச்சியில் இருக்கும் யூனிட்டுகள். 2024 ஜூலை கட்டண விகிதப்படி 500க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது. அதோடு, மொத்தம் 500ஐத் தாண்டியவுடன் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. ஆகவே 700இலிருந்து 460க்கு இறங்கும் வீட்டுக்கு ஒரு கணக்கெடுப்பில் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் மிஞ்சும். 450இலிருந்து 210க்கு இறங்கும் வீட்டுக்கு அதே 240 யூனிட்டால் கிடைப்பது ஏறத்தாழ அதில் பாதிதான். கடைக்குப் போகும் முன் கடந்த ஆண்டின் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கான மின் கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். மாற்றுவதா வேண்டாமா என்பதற்கான பாதி விடை அதில் இருக்கிறது.

மதுரையிலிருந்து: மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா?

ஸ்டார்களை எண்ணுவதைவிட, அதே ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின் நுகர்வைப் படிப்பது பயன் தரும். ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் செலவாகும் என்பதையே எரிசக்தித் திறன் செயலகத்தின் அந்த ஒட்டுத்தாள் சொல்கிறது. 1.5 டன்னில் மூன்று ஸ்டாருக்கு 1,000, ஐந்து ஸ்டாருக்கு 800 என்று இருப்பதாகக் கொள்வோம். ஆண்டில் 200 இரவுகள் எட்டு மணி நேரம் போடுபவருக்கு 200 யூனிட் முழுவதும் மிச்சம். கோடையில் 60 இரவுகள் மட்டும் ஆறு மணி நேரம் போடுபவருக்கு மிச்சம் 45 யூனிட்தான். அவர் கூடுதல் விலை கொடுத்து ஐந்து ஸ்டார் வாங்கினால் அந்தப் பணம் திரும்பி வருவதற்குள் ஏ.சி.யே பழசாகிவிடும்.

ஒட்டுத்தாள் எந்தக் காலத்துக்குரியது என்பதையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது இறுக்கப்படுகிறது. 2018இல் 4.50 திறன் எண் (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்விக்கிறது என்பதன் அளவு) பெற்ற ஸ்பிளிட் ஏ.சி. ஐந்து ஸ்டார், 2022 ஜூலையில் ஐந்து ஸ்டாருக்கு 5.00 தேவை என்றானதும் அதே ஏ.சி. நான்கு ஸ்டாருக்கு இறங்கிவிட்டது. பழைய இருப்பைத் தள்ளுபடியில் விற்கும்போது இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்ல மாட்டார்.

வேளச்சேரியிலிருந்து: மொட்டை மாடிக்குக் கீழே 120 சதுர அடி அறை. 1.5 டன் போதவில்லை. 2 டன் போடச் சொல்கிறார்கள்.

வேண்டாம். உங்கள் அறையில் குறைபாடு ஏ.சி.யில் இல்லை, கூரையில் இருக்கிறது. பகல் முழுவதும் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பன்னிரண்டு மணி வரை அறைக்குள் வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். மாடியில் வெள்ளை ஓடு பதிப்பது, அது முடியாவிட்டால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது, மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியிலிருந்து நிழல் கொடுப்பது, கதவிடுக்கை அடைப்பது ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். அதன்பின் 1.5 டன் தாராளம். கீழ்த்தளமாக இருந்தால் 1 டன்னே போதியிருக்கும்.

டன் கூடினால் கேடும் உண்டு. பெரிய ஏ.சி. சிறிய அறையைச் சில நிமிடங்களில் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றின் ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது. சென்னைப் புழுக்கத்தில் அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். உடனே 20 டிகிரிக்கு இறக்கிவிடுகிறோம். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 26 டிகிரியில் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது எவ்வளவோ மேல்.

சேலத்திலிருந்து: பழைய ஸ்பிளிட்டில் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறேன். பழைய ஆர்-22 கேஸுக்குப் பதில் புதிய ஏ.சி.களில் வரும் ஆர்-32 நிரப்பலாமா?

கூடவே கூடாது. ஆர்-32 ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் இயங்குவது, தீப்பற்றும் தன்மையும் ஓரளவு உடையது. உங்கள் கம்ப்ரசரின் எண்ணெயும் அதற்கு ஒத்துவராது. ஆண்டுதோறும் கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் நிரப்பிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் ஆர்-22ஐப் புதிய ஏ.சி. தயாரிப்பில் பயன்படுத்துவதை இந்தியா 2024 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. கசிவு காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) என்றால் அந்தப் பழுதுச் செலவைப் புதியதற்கு ஒதுக்குங்கள்.

கோவையிலிருந்து: சுவருக்குள் பதித்த பழைய செம்புக் குழாயையே புதிய ஏ.சி.க்குப் பயன்படுத்தலாமா?

முடிந்தவரை புதுக் குழாய் போடுங்கள். பழைய குழாய்க்குள் ஆர்-22 காலத்து எண்ணெய் படிந்திருக்கும். அது புதிய எண்ணெயோடு சேராது. குழாயின் கனமும் புதிய அழுத்தத்துக்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். சுவரை உடைக்கவே முடியாது என்றால், குழாயின் அளவும் கனமும் தயாரிப்பாளர் சொன்னபடி இருந்தால் மட்டும், உட்புறத்தைக் கழுவி, நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்தபின் பயன்படுத்தலாம்.

புதுக் குழாயானாலும் பொருத்துபவர், குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் கொண்டு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். பலர் கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் குழாயிலுள்ள காற்றைத் தள்ளிவிட்டதாகச் சொல்லிப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே தங்கும் காற்றும் ஈரமும் முதல் நாளிலிருந்தே மின்சாரத்தைத் தின்னும். ஐந்து ஸ்டாருக்குக் கொடுத்த கூடுதல் பணம் இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாததால் வீணாகிவிடக்கூடும் என்பதால், பம்ப் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

தூத்துக்குடியிலிருந்து: கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடு. எப்படிப்பட்ட ஏ.சி. வாங்குவது?

செம்புக் காயில், அதன் தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு ஆகிய இரண்டும் உள்ளதை வாங்குங்கள். வெளிப்புற யூனிட்டைக் கடலைப் பார்த்து வைக்காமல் மறு பக்கச் சுவரில் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள்.

திருச்சியிலிருந்து: ஸ்டெபிலைசர் தேவையா?

ஏ.சி.யின் கையேட்டில் உள்ள வோல்டேஜ் வரம்புக்குள் உங்கள் தெரு மின்சாரம் இருந்தால் தேவையில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அதைவிட முக்கியம்.

ஆவடியிலிருந்து: பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதா, காயலான் கடைக்கா?

காயலான் கடையில் செம்புக்காகக் குழாயை வெட்டுவார்கள். கேஸ் முழுவதும் காற்றில் போகும். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் ஏ.சி.யும் அடக்கம். எனவே எக்ஸ்சேஞ்ச் தொகை சற்றுக் குறைந்தாலும், பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் கடையிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஸ்பிளிட் என்றால், கழற்றும் முன் கேஸை வெளிப்புற யூனிட்டுக்குள் இழுத்து வால்வுகளை மூடச் சொல்லுங்கள். பம்ப் டவுன் என்றாலே மெக்கானிக்குக்குப் புரியும்.