நகரத்துச் சின்ன மிடில் ஸ்கூலின் தேர்ச்சி சதவீதத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி: அமெரிக்காவில் வீடு பார்க்கிறோம். பக்கத்து அரசு மிடில் ஸ்கூலில் கணக்கில் 32 சதவீதம் பேர்தான் தேர்ச்சி. பையனைச் சேர்க்கலாமா?

அந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். 2015-ல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி 3 முதல் 8-ம் வகுப்பு வரை வருடாவருடம் வாசிப்பிலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு உண்டு. முடிவுகளை இனம், வருமானம், ஆங்கிலம் கற்போர் (தாய்மொழி வேறாக இருந்து, இன்னும் ஆங்கிலம் கைவராத பிள்ளைகள்) என்று பிரித்தும் வெளியிட வேண்டும். சின்னப் பள்ளியில் சிக்கலே இங்கேதான். எட்டாம் வகுப்பில் 50 பேர் என்றால் ஒரு பிள்ளை 2 சதவீதம். ஐந்து பேர் கோட்டை விட்டால் 10 புள்ளி சரிந்துவிடும். அதனால் மூன்று நான்கு வருட எண்களைச் சேர்த்துப் பாருங்கள். முடிவு அட்டவணையில் சில கட்டங்களில் எண்ணே இருக்காது; குழு மிகச் சிறியதாக இருந்தால் யார் எவ்வளவு வாங்கினார் என்று தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருப்பார்கள்.

‘ஆங்கிலம் கற்போர்’ வரிசை பெரும்பாலும் தாழ்வாகத்தான் இருக்கும். மொழி கைவந்த பிள்ளைகள் நாளடைவில் அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிடுவார்கள், புதிதாக வந்தவர்கள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அதைப் பார்த்து ஆசிரியர்களைக் குறை சொல்வது அநியாயம்.

அப்புறம், எல்லோருக்கும் இலவச மதிய உணவு என்றால் எல்லோரும் ஏழைகள் என்று அர்த்தமில்லை. அரசு உதவித் திட்டங்கள் வழியாக நேரடியாகத் தகுதி பெறுவோர் 25 சதவீதம் இருந்தாலே (2023 வரை 40) பள்ளி முழுவதற்கும் சாப்பாடு போடலாம்.

நானாக இருந்தால் முதலில் ‘வளர்ச்சி’ எண்ணைத்தான் பார்ப்பேன்: ஆறாம் வகுப்பில் பின்தங்கி வந்த பிள்ளை எட்டாவதுக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை.