திண்மங்களின் சூத்திரங்களை மனதில் நிறுத்துவது எப்படி?

கோண்டாவிலில் இருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார்: "சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் என் மகள், திண்மங்களின் மேற்பரப்பளவு, கனவளவுச் சூத்திரங்களை இரவில் மனனம் செய்கிறாள்; காலையில் கேட்டால் கோளத்தையும் கூம்பையும் மாற்றிச் சொல்கிறாள். என்ன செய்யலாம்?"

பிள்ளையின் ஞாபகசக்தியில் குறையில்லை. ஒன்றோடொன்று உறவுள்ள சூத்திரங்களைப் பத்துத் தனித்தனி வரிகளாகப் பாடமாக்குவதால்தான் அவை கலந்துவிடுகின்றன. அந்த உறவை அவர் கையால் தொட்டு அறியச் செய்யுங்கள்.

அடிமுதல் உச்சிவரை ஒரே குறுக்குவெட்டைக் கொண்ட அரியம், உருளை ஆகியவற்றின் கனவளவு, அடியின் பரப்பளவை உயரத்தால் பெருக்கக் கிடைப்பது. ரின்மீன் பேணியைச் சுற்றி ஒட்டியிருக்கும் கடதாசியை உரித்து விரித்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். அதன் நீளம் வட்டத்தின் பரிதி, அகலம் பேணியின் உயரம். வளைபரப்புக்கு வேறு சூத்திரம் தேவையில்லை. மூடியும் அடியும் உண்டா என்பதைக் கேள்வியை வாசித்து முடிவுசெய்ய வேண்டும். புள்ளிகள் பெரும்பாலும் இழக்கப்படுவது இங்கேதான்.

உச்சியில் ஒரு புள்ளியாகக் கூடும் கூம்பகமும் கூம்பும், அதே அடியும் அதே உயரமும் உள்ள அரியத்தினதும் உருளையினதும் கனவளவில் மூன்றிலொரு பங்கு. தடித்த மட்டையில் ஒரே ஆரையும் ஒரே செங்குத்துயரமும் கொண்ட கூம்பொன்றையும் உருளையொன்றையும் செய்து, கூம்பில் அரிசியை நிரப்பி உருளைக்குள் மூன்றுதரம் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூன்றை அவர் பிறகு மறக்கமாட்டார். கூம்பின் வளைபரப்புக்கோ, நல்லூர்த் திருவிழாவில் கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சுருளைப் போன்ற ஒன்றைச் செய்து விரித்துப் பார்த்தால் போதும். விரிந்தது ஓர் ஆரைச்சிறை, அதாவது இரண்டு ஆரைகளுக்கு இடைப்பட்ட வட்டத் துண்டு; அதன் வில் கூம்பின் அடிப்பரிதி, அதன் ஆரை சாயுயரம், அதாவது உச்சியிலிருந்து அடியின் விளிம்புவரை சரிவாக அளக்கும் நீளம். வில்லை அடியாகவும் சாயுயரத்தை உயரமாகவும் கொண்ட முக்கோணம்போல அதன் பரப்பளவைக் கணித்தால், பை, ஆரை, சாயுயரம் என்ற மூன்றின் பெருக்கம் வந்துவிடும். கனவளவுக்குச் செங்குத்துயரம், வளைபரப்புக்குச் சாயுயரம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். ஒன்று தெரிந்தால் மற்றதைப் பைதகரசுத் தேற்றம் தரும்.

கோளந்தான் எல்லோரையும் குழப்புவது. ஆர்க்கிமிடிஸ் கண்டறிந்த உறவு இதற்கு மிகச் சிறந்த துணை: கோளத்தை இறுக அடைக்கும் உருளையோடு ஒப்பிட்டால், கோளத்தின் கனவளவு மூன்றில் இரண்டு, மேற்பரப்பளவும், மூடி அடி உட்பட்ட உருளையின் முழுப் பரப்பில் மூன்றில் இரண்டு. இதில் அவருக்கிருந்த பெருமிதம் எவ்வளவென்றால், கோளமும் உருளையும் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டன, கி.மு. 75இல் ரோம அரசியலாளரான சிசெரோ அந்த அடையாளத்தைக் கொண்டே கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தார்.

ஆரை 7 சென்ரிமீற்றர், உயரம் 14 சென்ரிமீற்றர் என்று எடுத்துக்கொள்வோம். பையை 22/7 எனக் கொண்டால் உருளையின் கனவளவு 2156 கன சென்ரிமீற்றர். அதனுள் அடங்கும் கூம்பு 718 2/3, கோளம் 1437 1/3. கூம்பு, கோளம், உருளை என்பன ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் நிற்பதையும், கூம்பையும் கோளத்தையும் கூட்டினால் உருளையே வருவதையும் மகள் தானே கணித்துப் பார்க்கட்டும். உருளையின் வளைபரப்பு 44ஐ 14ஆல் பெருக்க 616 சதுர சென்ரிமீற்றர். கோளத்தின் மேற்பரப்பளவும் அதுவே, அதாவது 154 சதுர சென்ரிமீற்றர் வட்டங்கள் நான்கு. உருண்டையான தோடம்பழமொன்றின் தோலைச் சிறு துண்டுகளாக உரித்து, அதே ஆரையில் வரைந்த வட்டங்களில் பரப்பினால், ஏறக்குறைய நான்கு வட்டங்கள் நிரம்பும். திண்ம அரைக்கோளத்துக்கு அந்த நான்கில் பாதியோடு அடியின் ஒரு வட்டத்தையும் சேர்க்க மூன்று வட்டங்கள்.

பரீட்சை மண்டபத்தில் ஐயம் வந்தால் நீளங்கள் எத்தனைதரம் பெருக்கப்படுகின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும்: இரண்டு நீளங்கள் பெருகினால் பரப்பளவு, மூன்று பெருகினால் கனவளவு. ஆரையின் வர்க்கம் மட்டும் நிற்கும் ஒரு கோவை ஒருபோதும் கனவளவாகாது.

அடுத்த ஒரு வாரத்துக்குச் சூத்திரப் பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, நாளுக்கு ஒரு திண்மத்தை வெறும் தாளில் வரைந்து அதன் சூத்திரம் எப்படி வந்ததென்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் விடையைச் சொல்லாமல், பேணியையோ மட்டைக் கூம்பையோ கையில் கொடுங்கள்.