பக்கத்துத் தெருவுக்குப் போன சம்மன்

கேள்வி: நான் சென்னையின் தென்புறநகரில் வசிக்கிறேன். சிறு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தருகிறேன். உதவிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு என் பிராட்பேண்ட் இணைப்பு தொடர்ந்து 19 நாட்கள் செயலிழந்தது. நான்கு முறை புகார் செய்தேன். நான்கு முறையும் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். இதே பெயருள்ள வேறொரு தெருவில், இதே எண்ணுள்ள வீட்டுக்கு ஊழியர் போய்வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு பழைய வாடிக்கையாளர்களை இழந்தேன், உறக்கமிழந்தேன், சேவை மையத்தில் என்னை அவமதித்தார்கள். மனம் வெறுத்துப் பில் கட்டுவதை நிறுத்தினேன். இப்போது நிறுவனம் 23,600 ரூபாய் கேட்டு வழக்குத் தொடர்ந்திருக்கிறது. சம்மனும் அந்தத் தெருவுக்கே போய், ஆள் இல்லாததால் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. முன்பே எனக்கு அறிமுகமாகியிருந்த அந்த வீட்டுக்காரர் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்குக் கண்டன மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். விசாரணைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சம்மன் எனக்குச் சட்டப்படி வந்து சேராததால் பேசாமல் இருந்துவிடலாமா? 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு நான் வழக்குத் தொடர முடியுமா?

பதில்: பேசாமல் இருக்கக் கூடாது. உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு செய்தி: விசாரணை நாள் உங்களுக்குத் தெரியும், அது தெரியும் என்பதற்கு உங்கள் கையாலேயே சாட்சியமும் உண்டாக்கிவிட்டீர்கள். சேவை மையத்தில் பேசிய தொனி, இழந்த உறக்கம், நிறுவனத்தின் ஆணவம் ஆகியவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வழக்கின் போக்கை அவை ஓர் அங்குலமும் மாற்றப்போவதில்லை.

தவறான முகவரிக்குப் போன சம்மன் செல்லாது என்ற உங்கள் எண்ணம் பாதி சரி. பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி, அஞ்சலில் அனுப்பியது சேர்ந்ததாகக் கருதப்பட வேண்டுமானால் அது சரியாக முகவரியிட்டு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அந்த அனுமானத்தை நீங்கள் எதிர்க்கலாம். மறு பாதியைத்தான் பலரும் படிப்பதில்லை. பிரதிவாதி வராததால் வாதியின் தரப்பை மட்டும் கேட்டு அளிக்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9ஆம் கட்டளை 13ஆம் விதிக்கு, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஒரு வரம்புரை, அதாவது விதியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனை, சேர்க்கப்பட்டது. விசாரணை நாள் பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்லப் போதிய அவகாசமும் இருந்திருக்குமானால், சம்மன் சார்வு செய்யப்பட்ட (ஒப்படைக்கப்பட்ட) முறையில் ஒழுங்கீனம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பாணையை நீதிமன்றம் நீக்கக் கூடாது என்பதே அது. உங்களுக்கு நாள் தெரியும். மூன்று வார அவகாசமும் இருக்கிறது. நிறுவனத்தின் வழக்கறிஞர் உங்கள் மின்னஞ்சலின் நகலை நீட்டினால் போதும், நீங்கள் கேடயம் என்று நம்பியிருப்பது அங்கேயே கழன்றுவிடும்.

முகவரி யாருடைய தவறு என்ற கேள்வியிலும் உங்கள் நிலை நீங்கள் நினைக்குமளவு உறுதியாக இல்லை. இணைப்புக் கொடுக்க வந்த ஊழியர் கைக்கருவியில் தாமே முகவரியை நிரப்பினார், நான் ஓ.டி.பி. மட்டும்தான் சொன்னேன் என்கிறீர்கள். அந்த ஓ.டி.பி.தான் உங்கள் கையொப்பம். அதன் பின் மாதந்தோறும் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த பில்லின் தலைப்பிலேயே அந்த வேறு தெரு இருக்கும் குடியிருப்பு நகரின் பெயர் அச்சாகியிருக்கிறது. நீங்கள் இணைத்திருக்கும் 14 பில்களிலும் அதைப் பார்த்தேன். ஒன்றுக்கேனும் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தீர்களா? தொலைபேசியில் சொன்னேன் என்பது பதிலாகாது. வாடிக்கையாளர் கொடுத்து, 14 மாதம் ஏற்றுக்கொண்ட முகவரிக்குத்தான் அனுப்பினோம் என்று வாதி சொல்வார். அதை மறுக்க உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

உங்கள் பகுதியில் இது புதிய சங்கதியுமல்ல. 2011இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, நகராட்சியும் பேரூராட்சியும் ஊராட்சியும் தனித்தனியே வைத்திருந்த பிள்ளையார் கோயில் தெருக்களும் பாரதியார் தெருக்களும் ஒரே மாநகரின் பட்டியலுக்குள் வந்து விழுந்தன. பழைய எண், புதிய எண் என்ற இரட்டை வழக்கம் வேறு. ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் எந்த அஞ்சலகம் பட்டுவாடா செய்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, எந்தத் தெரு என்பதைச் சொல்லாது. ஒரே குறியீட்டுக்குள் ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் இருந்தால், கணினியின் பட்டியலில் முதலில் வந்ததை ஊழியர் தொட்டுவிடுவார். நான்கு மீட்டர் சதுரம் வரை இடத்தைச் சுட்டும் டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டை அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்திருக்கிறது. சம்மன்களில் அதை எழுதும் பழக்கம் வரும்வரை நமக்குக் கதவு எண்தான் கதி.

இந்தக் குழப்பத்தை நீதிமன்றம் அறியாததல்ல. அதற்காக உங்கள்மேல் இரக்கம் காட்டும் என்று மட்டும் எண்ண வேண்டாம். உங்கள் சொத்துவரி ரசீதில் புதிய எண், மின் இணைப்பு அட்டையில் பழைய எண், ஆதாரில் பழைய ஊராட்சியின் பெயர் என மூன்று ஆவணங்களில் மூன்று முகவரிகள் இருக்கின்றன. குறுக்கு விசாரணையில் இவற்றை வரிசையாக உங்கள் கையில் கொடுத்து, இவற்றுள் எதை எங்கள் கணினியில் ஏற்றியிருக்க வேண்டும் என்று கேட்டால், நிறுவனத்தின் அலட்சியம் என்று நீங்கள் சொல்வது உங்கள் அலட்சியமாக மாறிவிடும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வியாபாரி உங்களைப் போலவே யோசித்தவர். கடை இடம் மாறிவிட்டது, சம்மன் பழைய கடைக்குப் போய்த் திரும்பியது, ஆகவே வழக்கே இல்லை என்று வீட்டில் இருந்துவிட்டார். வாதி நாளிதழில் விளம்பரம் கொடுத்து, மாற்றுமுறைச் சார்வு முடிந்ததாகக் காட்டி, ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை பெற்றார். எதுவும் நடக்காமல் இரண்டு ஆண்டுகள் ஓடின; மூன்றாம் ஆண்டில் நீதிமன்ற ஆணையை நிறைவேற்ற வரும் ஊழியரான அமீனா புதிய கடைக்கே வந்து நின்றார். புதிய முகவரி அப்போது எப்படிக் கிடைத்தது என்று வியாபாரி என்னிடம் ஆத்திரத்தோடு கேட்டார். பணத்தை வசூலிக்கும் கட்டம் வந்தால் முகவரி கிடைத்துவிடும் என்பதே என் அனுபவம். தீர்ப்பாணையை நீக்க மனுப் போட்டோம். அவர் இடையில் வாதிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டுத் திட்டியிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. மனு தள்ளுபடியாயிற்று. அசலைப் போல ஒரு மடங்கு வட்டியும் செலவுமாகச் சேர்த்துக் கட்டினார்.

காலவரம்புச் சட்டத்தின் 123ஆம் இனத்தின்படி, சம்மன் முறையாகச் சேராதவருக்கு, தீர்ப்பாணையை நீக்க மனுப் போடுவதற்கான 30 நாள் அவகாசம், தீர்ப்பாணை பற்றித் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். ஆனால் வழக்கு நிலுவையில் இருப்பதை அறிந்தவர், தீர்ப்பாணை வந்ததைத் தற்செயலாகத்தான் அறிந்தேன் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தால், அதை நம்பும் நீதிபதியை நான் இதுவரை கண்டதில்லை. பொய்ப் பிரமாணத்தின் விளைவு தனி. அப்படியே மனு ஏற்கப்பட்டாலும், ஒரு தொகையைக் கட்டிவிட்டு வா என்ற நிபந்தனை பெரும்பாலும் உடன் வரும். தீர்ப்பாணை பெற்ற வாதிக்கோ அதை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் இருக்கிறது. அவர் அவசரப்பட வேண்டியதில்லை.

பத்து லட்ச ரூபாய்க் கனவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்பதை 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இரண்டு ஆண்டுக் காலவரம்பும் உங்களுக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் தொழிலுக்காக வாங்கிய சேவை என்று நிறுவனம் முதல் ஆட்சேபம் எழுப்பும். சுயதொழிலால் பிழைப்பவருக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது என்றாலும், இரண்டு உதவியாளர்களை வைத்திருப்பதாக நீங்களே எழுதியிருப்பதால் அந்த விலக்குக்காக நீங்கள் போராட வேண்டிவரும். அதைத் தாண்டினாலும், வாடிக்கையாளர்கள் விலகிப்போனதால் வந்த இழப்பு தொலைவானது, மறைமுகமானது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். கையில் உறுதியாக நிற்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிகளின்படி வரும் வாடகைக் கழிவுதான்: மூன்று நாளைத் தாண்டியும் நீக்கப்படாத பழுதுக்கு அது உண்டு, உங்களைப் போல 15 நாளைத் தாண்டியவருக்கு ஒரு மாத வாடகை. மன உளைச்சலுக்கென ஆணையம் ஏதேனும் சேர்த்துக் கொடுத்தாலும் அது ஆயிரங்களில்தான் இருக்கும்.

ஆகவே என் யோசனை உங்களுக்குக் கசக்கும்: சமரசமாகப் போய்விடுங்கள். குறித்த நாளில் வக்காலத்துத் தாக்கல் செய்யுங்கள். சம்மன் தவறான முகவரிக்குப் போனதைப் பதிவு செய்துவிட்டு, எதிருரைக்கு, அதாவது வழக்குக்கு எழுத்து மூலம் தரும் பதிலுக்கு, அவகாசம் கேளுங்கள். அந்த அவகாசத்தில், நான்கு புகார் எண்களையும், ‘வீடு பூட்டியிருந்தது’ என்று குறுஞ்செய்தி வந்த நேரங்களில் நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள் என்பதற்கான ஆதாரத்தையும் எதிர்தரப்பு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். ஊழியர் வேறு தெருவுக்குப் போனார் என்பது அவர்களுடைய பதிவேட்டிலிருந்தே வெளிப்படும். அதைக் கூண்டில் ஏறிச் சொல்ல எந்த அதிகாரியும் விரும்பமாட்டார். உங்கள் பலம் அவ்வளவுதான், ஆனால் 23,600 ரூபாயைக் குறைக்க அது போதும். ஒப்பந்தக் காலம் முடியுமுன் நிறுத்தியதற்கான தொகையைக் கைவிடச் சொல்லுங்கள். ஒரு மாத வாடகைக் கழிவைக் கேளுங்கள். இணைப்பு ஓடிய மாதங்களுக்கான பாக்கியை மட்டும் கட்டுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் வாதி கட்டிய நீதிமன்றக் கட்டணம் அவருக்கே திரும்பும் என்பதால் அவரும் இறங்கி வருவார். அங்கே பதிவான தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ‘எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன’ என்ற வாசகத்தில் கையெழுத்திட்டால் உங்கள் நுகர்வோர் புகாரும் அதோடு முடிந்துவிடும் என்பதை அறிந்தே கையெழுத்திடுங்கள்.

சமரசக் குறிப்பில் உங்கள் முகவரியைப் பழைய எண், புதிய எண், நகரின் பெயர், முன்னாள் ஊராட்சியின் பெயர் எல்லாவற்றோடும் எழுதச் செய்யுங்கள். பாக்கி இல்லை என்ற கடிதம் அந்த முகவரிக்கு வர வேண்டும், மின்னஞ்சலிலும் வர வேண்டும். உங்களிடம் இருக்கும் ரூட்டரை நீங்களே அவர்களுடைய அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். எடுத்துப்போக ஆள் அனுப்புகிறோம் என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அந்த ஆள் எந்தத் தெருவுக்குப் போவார் என்பது உங்களுக்கே தெரியும்.