'முடித்திருப்பேன்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கேள்வி: அலுவலகத்தில் என்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். வருகிற ஜூன் மாதத்தோடு நான் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. அதை 'ஐ வில் வொர்க் ஹியர் ஃபார் டென் இயர்ஸ் இன் ஜூன்' என்று எழுதினேன். மேலாளர் சிரித்துவிட்டு 'வில் ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று திருத்தினார். ஏன் என்று கேட்டேன். 'அது ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையையும் பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான் நான். ஆனாலும் வில் ஹேவ் எங்கே வரும், வில் ஹேவ் பீன் எங்கே வரும் என்று இன்றுவரை பிடிபடவில்லை. எளிய வழி ஏதாவது உண்டா?

பதில்: நீங்கள் எழுதியதில் இலக்கணத்தைவிடப் பொருள்தான் தடம் மாறியிருக்கிறது. 'ஐ வில் வொர்க் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்றால் 'இனிமேல் பத்து வருஷம் இங்கே வேலை பார்ப்பேன்' என்று அர்த்தம். அதோடு 'இன் ஜூன்' என்று வேறு சேர்த்துவிட்டீர்கள். பத்து வருஷ வேலையை ஒரே மாதத்தில் பார்த்து முடிக்கப்போகிறவர் போல ஆகிவிட்டது. மேலாளருக்குச் சிரிப்பு வந்ததில் வியப்பில்லை.

அந்தப் பன்னிரண்டு கட்டத்து அட்டவணையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். அதில் பெயர்கள் இருக்கும், எப்போது பயன்படுத்துவது என்பது இருக்காது. உங்களுக்கு வேண்டியது தமிழிலேயே இருக்கிறது.

ஓர் அறிக்கை எழுதவேண்டும், மாலை ஆறு மணிதான் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 'ஆறு மணிக்கு எழுதுவேன்' என்றால் ஆறு மணிக்குத்தான் பேனாவையே எடுப்பீர்கள். ஆங்கிலத்தில் 'ஐ வில் ரைட்'. 'ஆறு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பேன்' என்றால் அந்த நேரத்தில் வேலை பாதியில் இருக்கும். 'ஐ வில் பி ரைட்டிங்'. 'ஆறு மணிக்குள் எழுதியிருப்பேன்' என்றால் ஆறு அடிக்கும்போது வேலை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. 'ஐ வில் ஹேவ் ரிட்டன்'. நேரம் இன்னும் வரவில்லை, ஆனால் அங்கே போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்துப் பேசுகிறீர்கள். இதைத்தான் ஃப்யூச்சர் பெர்ஃபெக்ட் என்கிறார்கள்.

'எழுதியிருப்பேன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: எழுதி, இரு, ப்ப், ஏன். இப்போது கடைசியிலிருந்து முதலுக்கு வாருங்கள். 'ஏன்' என்பது நான், அதாவது 'ஐ'. 'ப்ப்' எதிர்காலம் காட்டும் இடைநிலை, அதாவது 'வில்'. 'இரு' என்பது 'ஹேவ்'. 'எழுதி' என்பது 'ரிட்டன்'. ஐ வில் ஹேவ் ரிட்டன். ஒரே சரக்கு, கண்ணாடியில் பார்ப்பதுபோல் வரிசை மட்டும் தலைகீழ். 'பார்த்திருப்பாள்' என்பதையும் இப்படிப் பிரித்தால் 'ஷி வில் ஹேவ் சீன்' வந்துவிடும். 'ஷி' என்பதால் 'வில் ஹேஸ்' என்று எழுதக் கை போகும், விடாதீர்கள். வில்லுக்கு முன்னால் யார் வந்தாலும் பின்னால் ஹேவ்தான். 'வில் ஹேவ் வென்ட்', 'வில் ஹேவ் ரோட்' என்பவையும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஹேவுக்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் வரவேண்டும்: கான், ரிட்டன்.

இந்தத் தலைகீழ் வித்தையில் ஓர் எச்சரிக்கை உண்டு. நடுவில் 'கொண்டு' இருந்தால் 'இரு' என்பது ஹேவ் அல்ல, 'பி'. அதனால்தான் 'எழுதிக்கொண்டிருப்பேன்' என்பதற்கு 'வில் பி ரைட்டிங்'. உட்கார், நில், படு போன்ற உடல் நிலையைச் சொல்லும் வினைகளில் 'கொண்டு' இல்லாமலே அந்த அர்த்தம் வரும். 'அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார்' என்றால் பெரும்பாலும் 'வில் பி சிட்டிங்' என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்தது 'க்குள்'. தமிழர்கள் ஆங்கிலத்தில் அதிகம் வழுக்கி விழுகிற இடம் இது என்பேன். 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்திருப்பேன்', 'இரண்டு நாளைக்குள் முடித்துவிடுவேன்' என்று இரண்டுக்கும் நாம் ஒரே க்குள்ளைப் போடுகிறோம். ஆங்கிலம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. வெள்ளிக்கிழமை காலண்டரில் ஒரு புள்ளி, அதற்கு 'பை ஃப்ரைடே'. இரண்டு நாள் என்பது நீளம், அதற்கு 'விதின் டூ டேஸ்'. 'பை டூ டேஸ்' என்று எழுதினால் தப்பு. அந்த 'பை' என்கிற சொல்தான் வில் ஹேவுக்கு உற்ற தோழன். வாக்கியத்தில் 'பை சிக்ஸ்', 'பை ஜூன்', 'பை தென்' என்று ஏதாவது இருந்தால் வில் ஹேவ் பக்கத்தில் எங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'வரை' என்பதற்கான 'அன்டில்' வேறு சங்கதி. 'ஐந்து மணிவரை இருப்பேன்' என்பது 'அன்டில் ஃபைவ்'. 'ஐந்து மணிக்குள் கிளம்பியிருப்பேன்' என்பது 'பை ஃபைவ்'. இன்னொன்று, 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் கணக்கில் உண்டு, 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு சரி. வேலைக்குக் கெடு சொல்லும்போது இந்த ஒரு நாள் பெரிய நாள்.

சரி, கெடுவாக மணியோ தேதியோ இல்லாமல் இன்னொரு செயல் வந்தால்? 'நீங்கள் வருவதற்குள் முடித்திருப்பேன்.' ஆங்கிலத்தில் 'பை த டைம் யூ கம், ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்'. கவனியுங்கள், 'யூ வில் கம்' இல்லை. 'பை த டைம்', 'வென்', 'பிஃபோர்' போன்ற காலம் காட்டும் சொற்களுக்குப் பின்னால் வருவது நாளைய செய்தியாக இருந்தாலும் ஆங்கிலம் அங்கே வில் போடாது. நம் 'வருவதற்குள்' என்பதும் 'வருவீர்கள்' போல முற்றுப்பெற்ற வினை இல்லை, அதனால் இந்த வாக்கியத்தில் அவ்வளவாகத் தப்பு வருவதில்லை. 'நீங்கள் வரும்போது' என்று யோசித்தால்தான் 'வென் யூ வில் கம்' என்று எழுதிவிடுகிறோம். அந்த நேரங்களில் மனசுக்குள் 'வருவதற்குள்' என்று மாற்றிப் பாருங்கள், தேவையில்லாத வில் தானாக உதிர்ந்துவிடும்.

இனி மேலாளரின் 'பீன்'. உங்கள் தவிப்பு நியாயமானதுதான். தமிழில் இதற்கென்று தனி வடிவம் இல்லை. எழுதிக்கொண்டிருப்பேன் என்ற ஒரே வடிவத்தை வைத்துச் சமாளிக்கிறோம். இப்படிப் பாருங்கள்: 'ஆறு மணிக்கு எழுதிக்கொண்டிருப்பேன்' என்பதற்கு வில் பி ரைட்டிங். 'ஆறு மணிக்குப் பார்த்தால் மூன்று மணி நேரமாக எழுதிக்கொண்டிருப்பேன்' என்பதற்கு 'வில் ஹேவ் பீன் ரைட்டிங் ஃபார் த்ரீ அவர்ஸ்'. வினை இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் 'நேரமாக' என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஆக'. மணிக்கணக்காக, நாட்களாக, வருஷங்களாக என்று ஓர் 'ஆக' வந்தால் ஹேவ் பீனைக் கூப்பிடுங்கள். ஆங்கிலத்தில் அந்த 'ஆக' போய் 'ஃபார்' என்று உட்கார்ந்திருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஏன் இது தோன்றவில்லை என்றால், நாம் 'பத்து வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருப்பேன்' என்று பேசுவதில்லை. 'சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும்' என்போம். தமிழில் வருஷம் 'ஆகிறது', ஆங்கிலத்தில் ஆள் 'இருக்கிறார்'. எனவே 'ஆகியிருக்கும்' என்று உங்களுக்குத் தோன்றும் இடத்தில் வாக்கியத்தை ஆளின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு நிஜக் கணக்கோடு பார்ப்போம். வாயேஜர் 1 விண்கலம் 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்டது. 2027 செப்டம்பரில் அது புறப்பட்டு ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். 'இன் செப்டம்பர் 2027, வாயேஜர் 1 வில் ஹேவ் பீன் டிராவலிங் ஃபார் ஃபிஃப்டி இயர்ஸ்.' பயணம் அதோடு நிற்பதாக இல்லை, அதனால் வினையின் கடைசியில் 'இங்'. ஹாலி வால்நட்சத்திரம் வேறு கதை. 1986-இல் வந்துபோனது, மறுபடி சூரியனை நெருங்கப்போவது 2061-இல். அது 2062-க்குள் வந்து போயிருக்கும், அதாவது 'வில் ஹேவ் கம் அண்ட் கான்'. முடிந்துபோன காரியம் என்பதால் அதில் 'பீன்' என்பதும் இல்லை, 'இங்' என்பதும் இல்லை.

எண்ணிக்கை சொன்னாலும் பீன் வராது. 'ஆறு மணிக்குள் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன்' என்பதற்கு 'வில் ஹேவ் ரிட்டன் டென் பேஜஸ்' என்பதுதான் சரி. எவ்வளவு நேரம் என்றால் பீன், எத்தனை என்றால் பீன் இல்லை. தெரியும், பிடிக்கும் போன்ற மனநிலை வினைகளுக்கும் இங் ஒட்டாது. இருபது வருஷப் பழக்கத்தை 'வில் ஹேவ் நோன் ஈச் அதர் ஃபார் டுவென்டி இயர்ஸ்' என்றுதான் சொல்லவேண்டும். 'நோயிங்' கூடாது. 'வில் ஹேவ் பீன் ஃபினிஷ்ட்' என்று எங்காவது படித்துக் குழம்பியிருந்தால், அது முடிக்கப்பட்டிருக்கும் என்கிற செயப்பாட்டு வினை. பீனுக்குப் பின்னால் இங்கா, மூன்றாம் வடிவமா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

இதுவரை 'இருப்பேன், இருப்பார்' என்பதை நாளைய விஷயத்துக்கு மட்டும் சொன்னேன். நாம் பேசும்போது அது இன்னும் இரண்டு வேலை பார்க்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு 'இந்நேரம் ரயில் கிளம்பியிருக்கும்' என்கிறோமே, அதில் எதிர்காலம் எங்கே இருக்கிறது? நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகம் அது. வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலமும் அதே வேலையைச் செய்கிறது: 'த டிரெய்ன் வில் ஹேவ் லெஃப்ட் பை நவ்.' வில் என்பது அசலில் விருப்பத்தைச் சொல்லவந்த வினை. ஆங்கிலத்தில் எதிர்காலம் என்று ஒரு டென்ஸே கிடையாது, வில் வெறும் துணைவினைதான் என்று வாதாடும் இலக்கண அறிஞர்கள் உண்டு. இந்த மாதிரி வாக்கியங்களைப் பார்க்கும்போது எனக்கும் அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் எல்லா ஊகத்துக்கும் வில் ஹேவ் போடாதீர்கள். ரயில் எட்டரைக்குக் கிளம்பும் என்று தெரியும், மணி ஒன்பது ஆகிறது. இது வழக்கத்தை வைத்துச் சொல்வது, வில் ஹேவ் பொருந்தும். கதவு பூட்டிக் கிடக்கிறது, விளக்கும் அணைந்திருக்கிறது, ஆகவே அவர் கிளம்பியிருப்பார். இது தடயத்தை வைத்துச் சொல்வது, 'மஸ்ட் ஹேவ் லெஃப்ட்' என்பதே இயல்பு.

மூன்றாவதுதான் ஆபத்தானது. 'நீங்கள் சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.' நடக்காமல் போன காரியம். இதற்கு 'வில் ஹேவ் கம்' என்று எழுதுபவர்களை அன்றாடம் பார்க்கிறேன். நம் மொழியில் வடிவம் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருப்பதால் வருகிற கோளாறு. வாக்கியத்தில் எங்காவது 'இருந்தால்' என்ற சொல் ஒளிந்திருக்கிறதா, நடக்காத கதையா என்று பாருங்கள். ஆம் என்றால் 'வுட் ஹேவ் கம்'.

எதிர்மறையில் சிக்கல் இல்லை. முடித்திருக்க மாட்டேன் என்பது 'வோன்ட் ஹேவ் ஃபினிஷ்ட்'. கேள்வி என்றால் வில் முன்னால் ஓடும்: 'வில் யூ ஹேவ் ஃபினிஷ்ட் பை சிக்ஸ்?' பேச்சில் அந்த ஹேவ் தேய்ந்து 'அவ்' என்று மட்டும் காதில் விழும், 'வில்அவ் ஃபினிஷ்ட்' என்பதுபோல். கேட்டுவிட்டு ஹேவுக்குப் பதில் 'ஆஃப்' என்று எழுதுகிறவர்களில் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் உண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். கற்றுக்கொண்ட ஜோரில் எல்லா மின்னஞ்சலிலும் வில் ஹேவைத் தூவிவிடாதீர்கள். 'வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்பிவிடுகிறேன்' என்பதற்கு 'ஐ வில் சென்ட் இட் பை ஃப்ரைடே' போதும். வேலை தயாராக இருக்கும் என்பதற்கு 'இட் வில் பி ரெடி' போதும். அந்த நேரத்தில் நின்று திரும்பிப் பார்ப்பதுதான் முக்கியம் என்றால் மட்டும் வில் ஹேவ். உதாரணமாக, 'நீங்கள் கூட்டத்துக்கு வருவதற்குள் எல்லாரும் படித்திருப்பார்கள், அதனால் நேராக விவாதத்துக்குப் போகலாம்' என்கிற மாதிரி இடங்கள்.

உங்கள் நாலு வரிக்கு வருவோம். மேலாளர் திருத்தியது சரிதான்: 'இன் ஜூன், ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்.' நானாக இருந்தால் வொர்க்கிங்கை எடுத்துவிட்டு 'ஐ வில் ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' என்று சுருக்கியிருப்பேன். அதுவும் கனமாகத் தோன்றினால் 'ஐ வில் கம்ப்ளீட் டென் இயர்ஸ் ஹியர் இன் ஜூன்' என்று எழுதுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். இந்தக் கடைசிப் பத்தியில் 'சுருக்கியிருப்பேன்' என்று நான் எழுதியதற்கு வில் ஹேவ் வருமா, வுட் ஹேவ் வருமா என்பதை நீங்களே சொல்லிப் பாருங்கள்.